மின்னும் இன்ஜின் விளக்கு: கன்வெர்ட்டரில் கைவைக்கும் முன் காயிலைப் பாருங்கள்

கேள்வி: என் பெட்ரோல் கார் 2017 மாடல், நான்கு சிலிண்டர், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மழை விட்டதும் இன்ஜின் உட்பட வாட்டர் வாஷ் செய்தேன். மறுநாள் முள்ளோடையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு புதுச்சேரி போகும்போது, தவளக்குப்பம் அருகே இன்ஜின் விளக்கு மின்னியது. வண்டி உதறியது, பிக்கப் இல்லை. அப்படியே ஓட்டிப் போய்த் திரும்பினேன். இப்போது விளக்கு மின்னாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. தெரிந்தவர் மூலம் போன பட்டறையில், "பெட்ரோலில் தண்ணீர், கன்வெர்ட்டர் போச்சு, மாற்ற 40,000 ரூபாய், இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறேன், 3,000 போதும்" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள். வண்டியை அந்தப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக ஓடும்வரை ஓரிரு நாள் பொறுத்துக் காட்டலாம். மின்னினால் பொறுக்கக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போகிறது என்று அர்த்தம். பட்டறை மொழியில் 'மிஸ்ஸிங்'. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான், சூடு தாங்காமல் உருகிவிடக்கூடும். தவளக்குப்பத்திலேயே ஓரங்கட்டியிருக்க வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது.

பெட்ரோல் மீது பழி போடுவது சுலபம். புதுச்சேரியில் விலை குறைவு என்று பாதிக் கடலூர் முள்ளோடையில்தான் டேங்கை நிரப்புகிறது. ஆனால் பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் நான்கு சிலிண்டரும் திணறும், ஒன்று மட்டும் தனியாக மக்கர் செய்யாது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் போதும், கோளாறைச் சொல்லும் எண் வரும். பட்டறை மொழியில் 'கோடு' (code). பி 0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி 0301, 0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். அந்த எண்ணை அழிக்கும் முன் நீங்களே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்தால், கோளாறு வந்த நேரத்து வேகமும் சூடும் சேர்ந்தே போய்விடும். "கோடு அழித்தாச்சு, சரியாயிடுச்சு" என்று ஐந்நூறு வாங்குகிறவர், காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைக்கிறார், அவ்வளவுதான்.

வாட்டர் வாஷ் செய்த மறுநாள் என்கிறீர்கள். என் சந்தேகம், ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் மீதுதான். பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஆறியதும் அதைக் கழற்றச் சொல்லி, பிளக் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஓடிய வண்டியில் கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கும். குழியில் தண்ணீர் நின்றால் முதலில் காற்றடித்து உலர்த்த வேண்டும். அப்படியே பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் இழுத்த மாதிரி கருப்புக் கோடு தெரிந்தால், தீப்பொறி அந்த வழியாகத்தான் நழுவியிருக்கிறது. குழியில் ஆயில் இருந்தால், இன்ஜின் மேல்மூடியில் கசிவைத் தடுக்கும் டேப்பட் கவர் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் காசில்லாத சோதனை. கோடு 2-ஆம் சிலிண்டர் என்றால், அந்தக் காயிலை 3-இல் போட்டு, 3-இல் இருந்ததை 2-இல் போடுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி 0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி 0302-வே மறுபடி வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சாதா பிளக் 30,000, 40,000 கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. இதுவரை மாற்றவில்லை என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். பிளக்கும் ஒரு காயிலும் சேர்ந்தாலும் சில ஆயிரங்களில் முடியும்.

கன்வெர்ட்டர் பற்றி அதற்கப்புறம் பேசலாம். மிஸ்ஸிங் போன பிறகும், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி 0420 வந்தாலோ, வண்டி மூச்சு முட்டினாலோதான் அதைச் சோதிக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு ஏன் அதன்மேல் இவ்வளவு கண்? உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழையதை எடைக்கு வாங்க ஆள் உண்டு, அழைத்துப்போன 'தெரிந்தவருக்கும்' பங்கு போகலாம். 3,000 ரூபாய்க்குக் குழாய் வைப்பவர் உங்கள் பொருளை எடுத்துக்கொண்டு உங்களிடமே கூலி வாங்குகிறார். அதுவும் சட்டப்படி தப்பு. எதை மாற்றினாலும் பழையதைக் கையில் கேளுங்கள். "கம்பெனிக்குத் திருப்பணும்" என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"புகைச் சான்றிதழ் இருக்கிறதே" என்பீர்கள். உங்கள் வண்டிக்கு அது ஒரு வருஷம் செல்லும். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுப் புகையை அளந்து, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தால் முடிந்தது. டாஷ்போர்டில் விளக்கு எரிந்து வண்டியே பழுதை ஒப்புக்கொள்கிறது. அந்தச் சோதனையில் அதைப் படிக்க இடமில்லை. கம்பெனிக் கையேடும் 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தை அணுகவும்' என்பதோடு கைகழுவிவிடும்.

உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனசில்லை. டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் காயிலை மாற்றிப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, இந்தக் காயிலும் இல்லை. சுருள் கம்பி போல ஒரு விளக்கு இருக்கும், அது, ஸ்டார்ட் ஆக உதவும்படி உள்ளே சூடேற்றும் க்ளோ பிளக்குடையது. சாவி போட்டதும் எரிந்து அணைவது வழக்கம்தான். ஓடும்போது அது மின்னினால் சில கார்களில் இன்ஜின் கோளாறு என்று பொருள், ஆனால் காரணங்கள் வேறு. டீசல் காருக்கு 'ஸ்பார்க் பிளக் – 4' என்று போட்ட பில்லை நானே பார்த்திருக்கிறேன். வண்டிக்காரர் பணமும் கட்டியிருந்தார்.

சோதித்துப் பார்க்கத் தவிர, உங்கள் வண்டியை இப்போதைக்கு ஓட்ட வேண்டாம். மஞ்சக்குப்பம் வரைதானே என்று எடுத்தாலும், உதறலோடு விளக்கு மின்னினால் அங்கேயே அணைத்துவிட்டு, கட்டி இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள்.