மலிவு விலை அனிமே பொம்மை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் என் தம்பியின் பிறந்தநாளுக்கு 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் (அனிமே) தொடரின் நாயகன் லூஃபியின் பொம்மை ஒன்றை வாங்கித் தர விரும்புகிறேன். ஏறக்குறைய 17 செ.மீ. உயரமுள்ள ஒன்றை இணையத்தில் ஒருவர் 2,200 ரூபாய்க்கு விற்கிறார். பார்வைக்கு அதே போன்ற இன்னொன்று ஊட்டியில் ஒரு பரிசுப்பொருள் கடையில் 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். தரத்தை எப்படிக் கண்டறிவது? தம்பியிடம் ஏற்கெனவே உள்ள ஒரு பொம்மை தொட்டால் பிசுபிசுக்கிறது. அதுவும் தரக்குறைவின் அடையாளமா?

பதில்: இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்பது, விலை குறைந்த அசல் பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விளங்கும். ஜப்பானில் 'பிரைஸ் ஃபிகர்' எனப்படும் வகை, விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டுக் கொக்கியால் தூக்கி எடுக்கும் கிரேன் இயந்திரங்களுக்கான பரிசாகவே தயாரிக்கப்படுகிறது. பான்பிரெஸ்டோ, சேகா, டைட்டோ, ஃபுரியூ ஆகிய பெயர்களில் வருபவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையே. ஒரு பரிசின் மதிப்பு ஏறத்தாழ 800 யென்னைத் தாண்டக் கூடாது என்று அந்நாட்டில் நெடுநாள் இருந்த வரம்பு, 2022இல் 1,000 யென்னாக உயர்த்தப்பட்டது. ஒரு யென் அறுபது பைசாவை ஒட்டியே இருந்துவரும் இக்காலத்தில், அந்தப் பொம்மை ஒரு வணிகரின் கைக்கு வந்து, விமானக் கூலியும் சுங்கமும் செலுத்தி, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, கடைக்காரருக்கும் லாபம் தந்து 700 ரூபாய்க்குள் அடங்குவது நடவாத காரியம். 2,200 என்பது நம்பத்தக்க விலை. ஆனால் நம்பத்தக்க விலை போட்டுப் போலியை விற்பவரும் உண்டு என்பதால், விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அசலான மலிவுப் பொம்மையிலும் குறைகள் இருக்கும். பதினைந்தாயிரம் யென்னுக்கு மேல் விற்கும் 1/7 அளவுச் சிலையோடு (கதாபாத்திரத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்காகச் செய்வது) ஒப்பிட்டு அதைப் பழிப்பது நியாயமன்று. பார்க்க வேண்டியது, உற்பத்தியாளர் எங்கே சிக்கனம் செய்திருக்கிறார் என்பதைத்தான். நல்ல நிறுவனம் வண்ணங்களின் எண்ணிக்கையில் சிக்கனம் செய்யும்: தலைமுடிக்குத் தனியே நிழல் தீட்டாமல் நிறமேற்றிய பிவிசி பிளாஸ்டிக்கையே அப்படியே வார்த்துவிடும், முதுகுப்புறத்தில் நுணுக்கத்தைக் குறைக்கும், பீடத்தை வேலைப்பாடற்ற வெறும் வட்டாக விட்டுவிடும். பூசிய இடத்தில் மட்டும் பூச்சு எல்லை மீறாது. போலி இதற்கு நேர்மாறு. அதில் நிறங்கள் தாராளமாக இருக்கும், ஆனால் ஒரு நிறமும் தன் இடத்தில் நில்லாது. ஆகவே எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, பூச்சின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கண்கள். இவை தூரிகையால் வரையப்படுவதில்லை. செதுக்கிய தகட்டில் உள்ள மையை மிருதுவான சிலிக்கோன் திண்டு ஒன்று, ரப்பர் முத்திரையைப் போல, எடுத்து வந்து முகத்தில் ஒற்றுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே ஒற்ற வேண்டும் என்பதால், ஒரு முறை இம்மி பிசகினாலும் கருவிழி இமைக்கோட்டை விட்டு விலகி, முகத்தின் பாவமே மாறிவிடும். லூஃபியின் முகத்தில் இன்னொரு வசதியும் உண்டு. இடக் கண்ணுக்குக் கீழே உள்ள தழும்பும் அதன் குறுக்கே செல்லும் இரண்டு தையல் கோடுகளும் மிகச் சிறியவை என்பதால், அச்சின் துல்லியத்துக்கு அவையே நல்ல சோதனை. கோடுகள் தனித்தனியே தெரிய வேண்டும், ஒன்றோடொன்று கலந்து கறையாகியிருக்கக் கூடாது. முகத்தை நேராகப் படமெடுத்து, படத்தைக் கைபேசியில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய முகமாகப் பார்க்கும்போது நம் கண் மன்னித்துவிடும் ஏற்றத்தாழ்வு, தலைகீழாகப் பார்க்கையில் உடனே தட்டுப்படும்.

அடுத்து நிறங்கள் சந்திக்கும் இடங்கள்: நெற்றியும் முடியும், கழுத்தும் சட்டையும், தொப்பியின் வைக்கோல் நிறமும் அதைச் சுற்றிய சிவப்புப் பட்டையும். ஓரிரு இடங்களில் ஊசிமுனை அளவுக்கு வண்ணம் கசிந்திருந்தால் அது இந்த விலைக்கு இயல்பே, அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. தோல் பளபளப்பின்றி அடக்கமான சாயலில் இருப்பது நல்லது. எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போ சுண்ணாம்பு வெளுப்போ இருந்தால் அது சந்தேகத்துக்குரியது. கை கால்களின் பக்கவாட்டில் அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு மெலிதாகத் தெரிவதும் இயல்பு. ஆனால் நகத்தால் வருடினால் தடுக்கும் அளவுக்கு அது புடைத்திருக்கக் கூடாது. புதிய பிவிசிக்கு லேசான வாடை உண்டு. பெட்டியைத் திறந்ததும் தின்னர் நெடி மூக்கில் ஏறினால் அந்தப் பொம்மை வேண்டாம்.

பெட்டியையும் படியுங்கள். 'ஒன் பீஸ்' பொருள்களில் எயிச்சிரோ ஓடா, ஷூயெய்ஷா, டோயி அனிமேஷன் ஆகிய பெயர்களோடு பதிப்புரிமை வரி இருக்கும். தயாரிப்பாளர் முத்திரை தெளிவாக அச்சாகியிருக்கும். பல பெட்டிகளில் டோயியின் சிறு ஒட்டுமுத்திரையும் காணப்படும். பிரைஸ் வகையின் பெட்டியில், விற்பனைக்கு அன்று என்ற பொருளில் ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ ஒரு வாசகம் இருந்தால் திகைக்க வேண்டாம், அது கிரேன் பரிசு என்பதற்கான குறிப்பே. சீனத் தயாரிப்பு என்று போட்டிருப்பதும் குறையன்று, அசல்களில் மிகப் பல அங்குதான் செய்யப்படுகின்றன. தயாரிப்பாளர் பெயரே இல்லாத பெட்டியும், பெட்டியே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் வரும் பொம்மையும் ஒதுக்க வேண்டியவை. ஒட்டுமுத்திரையையும் போலி செய்கிறார்கள் என்பதால், அது இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இணைய விற்பனையாளர் போட்டிருக்கும் படம் நிறுவனத்தின் விளம்பரப் படமாக இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கும் பொம்மையின் முகம், பின்புறம், பீடத்தின் அடிப்பக்கம், பெட்டியின் பதிப்புரிமை வரி ஆகிய நான்கையும் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண். பெட்டி பிரிக்கப்படாமல் இருப்பதால் முகத்தைக் காட்ட இயலாது என்று சொன்னால் அது நியாயமான பதிலாக இருக்கலாம். அப்போது பெட்டியின் ஆறு பக்கங்களையும் கேட்டு வாங்கி, திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையையும் எழுத்தில் பெறுங்கள். பொட்டலம் வந்ததும் பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்துவிடுங்கள்.

மலைப்பகுதியில் வசிப்பவர்கள் பிரிக்கும்போது அவசரப்படக் கூடாது. பிவிசி வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். சமவெளியின் வெயிலில் வண்டிக்குள் கிடந்த பொம்மையின் கணுக்கால் வளைந்து சாய்ந்திருக்கலாம். மாறாக, மார்கழிக் காலையில் உங்கள் வாசலுக்கு வரும் பொம்மையின் முளை விறைத்துப்போய்ப் பீடத்தின் துளைக்குள் இறங்க மறுக்கும், அழுத்தினால் முறியும். சில மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டு, அப்போதும் இறங்கவில்லை என்றால் முளையை மட்டும் வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நிமிடம் நனைத்துப் பொருத்துங்கள். சாய்ந்த காலை நிமிர்த்த 60 முதல் 70 டிகிரி வரையிலான வெந்நீர் போதும். அதில் சிறிது நேரம் வைத்து, கையால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்த வடிவிலேயே இறுகிவிடும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், அந்தக் கொதிநீர்கூட இதற்கு மிகையான சூடே. சாய்வும் இறுக்கமும் இவ்வாறு வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. கண் பிசகினால் திருத்த வழியில்லை. திருப்பி அனுப்புவதா என்ற முடிவை இந்த வேறுபாட்டை வைத்தே எடுங்கள்.

தம்பியின் பிசுபிசுக்கும் பொம்மையை அதனாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். பிவிசி வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிகிறது. விலையுயர்ந்த அசலிலும் இது நேரும். காற்றோட்டமற்ற பெட்டியிலோ இறுக மூடிய கண்ணாடி அலமாரியிலோ வைத்தால் கசிந்தது அங்கேயே தங்கிவிடும். நம் மலையில் அந்தப் பிசுபிசுப்பில் தூசு படிய, மழைக்கால ஈரத்தில் பூசணமும் பிடிக்க எளிதாகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான பல் துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவி, நிழலில் முழுவதுமாக உலர்த்துங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், ஸ்பிரிட் எதையும் பயன்படுத்தாதீர்கள். பிசுபிசுப்போடு வண்ணமும் போய்விடும்.

உலர்ந்த பின், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், கதவைச் சற்றே திறந்த நிலையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்கள் ஈரமேறியதும் மாற்ற வேண்டும். கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ அருகில் வேண்டாம். ஜன்னலோரமும் வேண்டாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 விழுக்காடு கூடுவதால், உடலுக்குக் குளிராகத் தோன்றும் கோத்தகிரி வெயில், பொம்மைத் தோலின் நிறத்தை மஞ்சளாக்குவதில் சமவெளி வெயிலுக்குச் சளைத்ததன்று. சில மாதங்களில் பிசுபிசுப்பு மீண்டும் வந்தால் மறுபடியும் கழுவலாம். கசிவு தானாகக் குறையும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.