ட்ரூபல்: ஜாவாஸ்கிரிப்ட் எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் நிற்பது

இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருளான ட்ரூபலில், ஜாவாஸ்கிரிப்ட் வாசகங்களை மொழிபெயர்க்கும் ‘ட்ரூபல்.டி’ (Drupal.t) செயற்கூறுக்குள் மாறியைக் கொடுக்காதீர்கள். வாசகத்தையே மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள். வார்ப்புருச் சொற்கள் தமிழில் வந்தும், பொத்தானை அழுத்தியதும் தோன்றும் எச்சரிக்கை ஆங்கிலத்திலேயே நிற்பதற்கும், மொழிபெயர்ப்புப் பட்டியலில் அது தேடியும் கிடைக்காததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ட்ரூபல் உங்கள் நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. கோப்பை வெறும் எழுத்தாகப் படித்து, அந்தச் செயற்கூறின் அடைப்புக்குறிக்குள் உள்ள மேற்கோள் வாசகங்களை மட்டும் பொறுக்குகிறது. மாறிக்குள் என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. பயனர் பெயர் போன்ற மாறும் பகுதியைக் கூட்டல் குறியால் ஒட்டவும் வேண்டாம். முழு வாக்கியத்தில் @ குறியுடன் ஓர் இடம் விட்டு, மதிப்பை இரண்டாம் அளபுருவாகத் தாருங்கள். ஒட்டுப்போட்ட துண்டுகளைக் கொண்டு ஒழுங்கான தமிழ் வாக்கியம் அமைக்கவே முடியாது. மொழிபெயர்ப்பவர் மீது இரக்கம் காட்டுங்கள்.

சரிபார்க்க:

1. தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள். ஒருமுறை படித்த கோப்பை, அதுவரை ட்ரூபல் மீண்டும் படிக்காது.
2. அந்த நிரல் ஏற்றப்படும் பக்கத்தை, தளத்தின் தமிழ்ப் பதிப்புக்கான முகவரியில் திறங்கள்.
3. இடைமுக மொழிபெயர்ப்புப் பக்கத்தில் ஆங்கில வாசகத்தைத் தேடுங்கள்.

வேறொரு சேவையகத்திலிருந்து ஏற்றப்படும் கோப்புகள் இப்படிப் படிக்கப்படுவதில்லை. அவற்றுக்கான வாசகங்களைச் சேவையகத்தில் இயங்கும் பிஎச்பி நிரலில் மொழிபெயர்த்து, அங்கிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு மதிப்புகளைத் தரும் ‘ட்ரூபல்செட்டிங்ஸ்’ (drupalSettings) வழியாக அனுப்புங்கள்.