திறமை இருந்தால் பெயர் தானாக வருமா?

கேள்வி: ஒரு விளம்பரப் படக் கம்பெனியில் அசோசியேட்டாக இருக்கிறேன். மூன்று குறும்படங்களைக் கதையிலிருந்து எடிட்டிங் வரை நானே இயக்கினேன். டைட்டிலில் முதலாளி பெயர்தான் வந்தது. "திறமை இருந்தா பேரு தானா வரும், சண்டை போடாதே" என்கிறார் அம்மா. பொறுத்திருக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: அம்மா சொல்வது அவருடைய ஆசை. ஆலிஸ் கீ என்ற பெண்ணுக்கு அப்படி நடக்கவில்லை.

பாரிஸில் ஒரு கேமரா கம்பெனியில் 1894ல் செக்ரட்டரியாகச் சேர்ந்தவர் அவர். கதை வைத்துப் படம் எடுத்துப் பார்க்கட்டுமா என்று முதலாளி லியோன் கோமோனிடம் கேட்டார். ஆபீஸ் வேலை கெடாமல் பார்த்துக்கொண்டால் சரி என்றார் அவர். முட்டைக்கோசுத் தோட்டத்தில் ஒரு தேவதை குழந்தைகளை எடுக்கும் முதல் படத்தை 1896ல் எடுத்ததாக ஆலிஸே எழுதியிருக்கிறார். அப்புறம் சுமார் பத்து வருடம் கோமோனின் படத் தயாரிப்பு அவர் பொறுப்பில்தான் நடந்தது. 1906ல் சுமார் 300 துணை நடிகர்களோடு இயேசுவின் வாழ்க்கையைப் படமாக்கினார். அமெரிக்கா போய் 1910ல் சோலாக்ஸ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கி, நியூ ஜெர்ஸியில் ஸ்டூடியோவும் கட்டினார். 'இயல்பாக இருங்கள்' என்று நடிகர்களுக்காக அங்கே எழுதி மாட்டியிருந்தார். கையைக் காலை ஆட்டுவதே நடிப்பு என்றிருந்த காலத்தில்!

ஆனால் அன்றைய படங்களில் பெரும்பாலும் கம்பெனி முத்திரைதான் இருக்கும், இயக்குநர் பெயர் இருக்காது. 1922ல் விவாகரத்தாகி பிரான்ஸ் திரும்பியவர் வேலை தேடியபோது, காட்டுவதற்குத் தன் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அதன்பிறகு அவர் படமே எடுக்கவில்லை. அந்த இயேசு படத்தைக்கூட, அவரிடம் உதவியாளராக இருந்த ஜாசேயின் கணக்கில் எழுதினார்கள். கோமோன் கம்பெனியின் வரலாற்றிலும் அவர் விடுபட்டார். கேட்டதற்கு, திருத்துவதாகச் சொன்ன முதலாளி 1946ல் காலமானார். ஆலிஸ் தன் படங்களின் பட்டியலை முதுமையில் நினைவிலிருந்து எழுத வேண்டியிருந்தது. 1968ல் அவர் இறந்து எட்டு வருடம் கழித்துத்தான் அவருடைய சுயசரிதை வெளிவந்தது.

இத்தனைக்கும் கோமோன் அவரை நம்பி வளர்த்தவர். நல்ல முதலாளியிடமே இந்த நிலை என்றால், உங்களுடையவரை யோசித்துப் பாருங்கள்.

சண்டை வேண்டாம். அடுத்த படத்துக்கு 'இயக்கம்' யார் என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஸ்கிரிப்ட் பிரதிகள், கால்ஷீட், மெயில்களின் நகல் உங்களிடமும் இருக்கட்டும். கம்பெனி ஒப்பந்தம் எதை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பழைய மூன்று படங்களுக்கும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, வாய்வார்த்தையாக இல்லாமல், மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்ட தேதி அதில் இருக்கும்.