இணைந்த கணிதம்: வர்க்கமூலம் உள்ள தொகையீடுகள், கேள்வி பதில்

கோப்பாய்த் தம்பி: √(9 − எக்ஸ்²) ஐத் தொகையிட எந்தப் பிரதியீடு, அண்ணா?

எக்ஸ் = 3 சைன் தீற்றா. உள்ளே 9 கோசைன்² வரும், மூலம் கழன்றுவிடும். எல்லை 0 முதல் 3 வரை என்றால் தொகையிடவே தேவையில்லை, கொப்பியில் வரைந்து பாரும், ஆரை 3 உள்ள வட்டத்தின் கால்வாசி, 9 பை / 4. ஆனால் ஒன்று, √(கோசைன்²) என்பது கோசைன் அல்ல, கோசைனின் மட்டு, அதாவது மறைக் குறி நீக்கிய பெறுமானம். √(1 − சைன்² எக்ஸ்) ஐ 0 முதல் பை வரை தொகையிட்டால் விடை 2. பூச்சியம் என்று எழுதிவிட்டு வருகிறார்கள். வரைபு முழுவதும் அச்சுக்கு மேலே நிற்க, பரப்பு எப்படிப் பூச்சியமாகும்?

சாவகச்சேரித் தங்கச்சி: எக்ஸ் / √(எக்ஸ்² + 4) க்கு ஒரு பக்கம் எழுதியும் முடியவில்லை.

உள்ளே இருப்பதை வகையிட்டால் 2எக்ஸ், அதில் பாதி மேலே தயாராக இருக்கிறது. விடை √(எக்ஸ்² + 4) + மாறிலி. பிரதியிட முதல் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மானிப்பாய்த் தம்பி: 1 / √(எக்ஸ் − எக்ஸ்²) க்கு எனக்கு 2 நேர்மாறு சைன் √எக்ஸ் வந்தது, நண்பனுக்கு நேர்மாறு சைன் (2எக்ஸ் − 1). யார் பிழை?

இருவரும் சரி. நண்பர் வர்க்கப் பூர்த்தி செய்திருக்கிறார், நீர் √எக்ஸ் = சைன் தீற்றா என்று போட்டிருக்கிறீர்.

நண்பன்: அண்ணா, எக்ஸ் = 0 போட்டால் அவனுக்கு 0, எனக்கு −பை / 2. எப்படி ஒன்றாகும்?

நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நிற்போம். எக்ஸ் = 1/2 போடும்: அவருக்கு பை / 2, உமக்கு 0. எக்ஸ் = 1 போடும்: அவருக்கு பை, உமக்கு பை / 2. எங்கே பார்த்தாலும் இடைவெளி பை / 2 தான், அதை மாறிலி விழுங்கிவிடும். இரண்டையும் வகையிட்டுப் பாரும், ஒரே சார்புதான் வரும். 0 முதல் 1 வரை எல்லை போட்டாலும் இருவருக்கும் பை. மாறிலியை எழுதாமல் விட்டதால்தான் இவ்வளவு சண்டையும்.

மானிப்பாய்த் தம்பி: அப்ப என் விடை வினாத்தாள் விடையோடு பொருந்தாவிட்டால்?

வகையிட்டுப் பாரும். திரும்பி வந்தால் சரி.

நெல்லியடித் தங்கச்சி: √(1 + எக்ஸ்³)?

விடும் தங்கச்சி. அடிப்படைச் சார்புகளால் இதன் தொகையீட்டை எழுதவே முடியாது, நீள்வளையத் தொகையீடு என்ற இனம். இப்படி முடியாது என்று நிறுவ வழிகாட்டியவர் பிரெஞ்சுக் கணிதர் லியூவில், 1830களில்.

சுன்னாகத் தம்பி: √(16 − எக்ஸ்²)?

முதல் பதில். 3 இருந்த இடத்தில் 4.

இன்னொருவர்: √(25 − எக்ஸ்²)?

5. முதல் பதிலை வாசியும், அங்கே சொன்ன மட்டு என்பதையும் மறக்காதேயும்.