வாசகர் கேள்வி–பதில்: சுவிஸ் ஏரிகள் எப்படித் தெளிந்தன?

கேள்வி: சுவிட்சர்லாந்து ஏரிகள் ஒரு காலத்தில் நாறிக் கிடந்தன என்கிறார்களே, உண்மையா? பணம் இருந்ததால்தான் சரிசெய்ய முடிந்ததா?

பதில்: உண்மைதான். ஆனால் ஏரிகளைக் கெடுத்ததிலும் பணத்துக்குப் பங்கு உண்டு. 1950-களிலிருந்து வருமானம் ஏற ஏற, சலவை இயந்திரமும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் வீட்டுக்கு வீடு வந்தன. சாக்கடை நேராக ஆற்றுக்கும் ஏரிக்கும் போனது. நீர்நிலைகளைக் காக்கும் பிரிவு 1953-லேயே அரசியலமைப்பில் சேர்ந்துவிட்டது. இருந்தும் 1965-இல் மக்களில் 14 விழுக்காட்டினரின் கழிவுநீர்தான் சுத்திகரிப்பு நிலையத்தை எட்டியது. 1963-இல் செர்மாட் என்ற சுற்றுலா ஊரில் குடிநீர் மாசுபட்டு டைபாய்டு பரவியது; 400 பேருக்கு மேல் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியும் 1971-இல் இறுக்கப்பட்ட சட்டமும் வேலையை வேகப்படுத்தின. இன்று 97 விழுக்காட்டுக்கும் மேல்.

ஆனால் நிலையம் கட்டினால் மட்டும் ஏரி தெளியாது. சலவைத்தூளிலும் மனிதக் கழிவிலும் உள்ள பாஸ்பரஸ்தான் பாசிக்கு உரம். பாசி செத்து அடியில் படிய, அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் ஆழத்து ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கரையும். வெளியிலிருந்து பாஸ்பரஸ் வருவதை நிறுத்திய பிறகும் பல ஏரிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பது இதனால்தான். சுத்திகரிப்பு நிலையங்களில் இரும்பு உப்பு சேர்த்துப் பாஸ்பரஸைப் படிய வைத்தார்கள். 1986-இல் துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டையே தடை செய்தார்கள். மூலத்தில் நிறுத்திய அந்தத் தடையைத்தான் நான் முதலில் வைப்பேன்.

லூசெர்ன் மாநிலத்து பால்டெக் ஏரியில் இதுவும் போதவில்லை. சுற்றிலும் பன்றிப் பண்ணைகள், வயலில் அளவுக்கு மீறிய சாணக் கரைசல். 1970-களின் நடுவில் லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் பாஸ்பரஸைத் தாண்டியது. 30-க்குக் கீழ் இருந்தால்தான் ஏரி நலமாக இருக்கும். 1982-இலிருந்து குழாய் போட்டுக் கோடையில் ஆழத்துக்கு ஆக்சிஜனும், குளிர்காலத்தில் மேல் நீரும் கீழ் நீரும் கலக்க அழுத்தக் காற்றும் செலுத்தினார்கள். ஏரிக்கு உயிர்மூச்சு தரும் வேலைதான் அது. வயலிலிருந்து வடியும் பாஸ்பரஸைக் குழாயால் நிறுத்த முடியாது.

கேள்வி: இப்போது மருந்துக் கழிவும் நீரில் கலக்கிறதாமே, அதை எப்படி நீக்குகிறார்கள்?

பதில்: வலி மாத்திரை, வலிப்பு மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் எச்சம் வழக்கமான சுத்திகரிப்பைப் பெருமளவு தப்பிவிடும். அதனால் தேர்ந்தெடுத்த நிலையங்களில் நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். முழு அளவில் முதலில் வந்தது 2014-இல், டூபென்டார்ஃபில். 2016-இலிருந்து இது சட்டம். சோதனைக்கெனக் குறித்த பொருள்களில் 80 விழுக்காடு நீங்க வேண்டும். செலவுக்காக ஆளுக்கு ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வரை வசூலிக்கிறார்கள்.

வழிகள் இரண்டு: ஓசோன் செலுத்துவது அல்லது மிக நுண்ணிய கரித்தூளில் ஒட்ட வைப்பது. ஓசோனுக்கு முன் நீரில் புரோமைடு எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும்; அது இருந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய புரோமேட் உருவாகும். ஓசோன் முடித்த நீரை மணல் வடிப்பானில் விட வேண்டும். பாதி சிதைந்த துணைப்பொருள்களை அங்குள்ள நுண்ணுயிர்கள்தான் தின்று முடிக்கும்.

கேள்வி: குப்பைப் பைக்குக் கட்டணம் வைத்தால் குப்பை குறையுமா?

பதில்: பிரிப்பது கூடும்; மொத்தம் குறையாது. சாங்க்ட் காலன் நகரம் 1975-லேயே தொடங்கியது. இன்று பெரும்பாலான ஊர்களில் 35 லிட்டர் பை ஏறக்குறைய 2 ஃபிராங்க். கண்ணாடியும் காகிதமும் தனியே போகின்றன. ஆனாலும் ஆளுக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 700 கிலோ சேர்கிறது. பாதிதான் மறுசுழற்சிக்குப் போகிறது. பை விலை, வாங்கும் கையைத் தடுப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் சுவிட்சர்லாந்தை நிலைத்த வளர்ச்சிக்கு முன்மாதிரி என்று சொல்லலாமா?

பதில்: நீரில் சொல்லலாம், மொத்தக் கணக்கில் முடியாது. காட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1868 வெள்ளத்துக்குப் பின் வந்த 1876 வனச் சட்டம் காட்டுப் பரப்பைக் குறைக்கவிடாமல் காத்தது. வெட்டினால் ஈடாக நட வேண்டும். சட்டம் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: ரயில் வெளிநாட்டு நிலக்கரியைக் கொண்டுவந்ததால் விறகுத் தேவை தணிந்தது. சுமை சுரங்கங்களுக்கு இடம் மாறியது. பிறகு 1950-களில் எண்ணெய் மலிந்தது. கூலியோடு ஒப்பிட ஆற்றல் விலை வீழ்ந்ததே மக்களை ஆற்றலைத் தாராளமாகச் செலவழிக்கும் பழக்கத்துக்குத் திருப்பியது என்கிறார் சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் கிறிஸ்டியான் ஃபிஸ்டர். அது சரியென்றே நினைக்கிறேன்.

இன்று சுவிஸ் நுகர்வு உண்டாக்கும் பசுங்குடில் வாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாடுகளில் வெளியேறுகிறது. எந்தப் பணக்கார நாட்டின் உமிழ்வுக் குறைவைப் படித்தாலும், அது எல்லைக்குள் எடுத்த அளவா, இறக்குமதியையும் சேர்த்த அளவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் தந்திருந்தால் பின்னதைக் கொண்டு ஒப்பிடுங்கள்.