தடுப்பூசி ஆய்வுக் கட்டுரையை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

“குழந்தைத் தடுப்பூசி பற்றி ஒரு ஆய்வு ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. பெரிய ஆய்விதழில் வந்ததை நம்பினால் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதழின் பெயரை விட நான் முதலில் தேடுவது, ஊசி போட்ட பிள்ளைகளை யாரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதை.

1998-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். லான்செட்டை விடப் பெரிய பெயர் மருத்துவத்தில் அதிகம் இல்லை. ஆனால் உள்ளே இருந்தது 12 பிள்ளைகளின் விவரம் மட்டும். அவர்களில் 8 பேருக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும்) ஊசிக்குப் பிறகுதான் நடத்தை மாறியது என்று பெற்றோரோ மருத்துவரோ கருதினார்கள், அவ்வளவுதான். ஊசி போடாத பிள்ளைகளோடு ஒப்பீடே கிடையாது. எம்எம்ஆர் முதல் தவணை பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டியதும் போடப்படுகிறது. ஆட்டிசம் என்ற மூளை வளர்ச்சி வேறுபாட்டின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே பருவம். அதனால் ஊசிக்கு அப்புறம் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்தக் கட்டுரையால் முடியவே முடியாது. ஊசியோடு தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரி பரவவில்லை, ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம்தான் பரவியது.

ஊசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முயன்ற தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004-இல் வெளிக்கொண்டு வந்தார். லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விட்டார்கள், தட்டம்மை மறுபடி பரவியது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறாது.

இதற்குப் பக்கத்தில் 2019-இல் வந்த டென்மார்க் ஆய்வை வைத்துப் பாருங்கள். 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகள். எம்எம்ஆர் போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். கூடப் பிறந்தவருக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத் தனியாகவும் பார்த்தார்கள். எங்கும் ஊசியால் ஆட்டிச ஆபத்து கூடவில்லை. வேறு நாடுகளில் வேறு குழுக்கள் செய்த பெரிய ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஒற்றுமைதான், ஒரு தனிக் கட்டுரை இல்லை.

சரி, ஊசிக்கு எதிரான முடிவு என்றாலே பொய்யா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு, வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸுக்கு எதிரான வாய்வழித் தடுப்பு மருந்து; அதனால் சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வந்தது. பக்கவிளைவுப் புகார்களில்தான் முதலில் சந்தேகம் எழுந்தது. பிறகு முறையாக ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள், 1999-இலேயே மருந்து சந்தையை விட்டுப் போனது. அடுத்து அமெரிக்காவில் வந்த இரண்டு ரோட்டாவைரஸ் மருந்துகளையும் தலா 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். ஆகவே வெறும் புகார் எண்ணிக்கையைக் காட்டி ஒரு கட்டுரை முடிவே சொல்லிவிட்டால் நான் நிறுத்திக்கொள்வேன். புகார் என்பது விசாரணையைத் தொடங்கத்தான், முடிக்க அல்ல.

கடைசியாக ஒன்று. கட்டுரையின் தலைப்பை பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைகளுக்கான இணையத் தேடுதளத்தில் தேடிப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும். யாருக்காவது அனுப்பும் முன் இதையாவது செய்யுங்கள்.