ஜீப் கேள்வி பதில்: முதலில் ஆர்சி, அப்புறம் பானட்

இந்த முறையும் பழைய ஜீப், மஹிந்திராவின் 540, தார் மாடல்கள் பற்றிய கேள்விகள்தான் குவிந்திருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களே அதிகம். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். "என் வண்டி எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். பார்க்காத வண்டிக்கு விலை சொல்வது புரோக்கர் வேலை.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து: தாத்தா வாங்கிய பெட்ரோல் ஜீப் வீட்டில் நிற்கிறது. ஊரில் வில்லிஸ் என்கிறார்கள், ஆர்சியில் மஹிந்திரா என்று இருக்கிறது. எதுங்க சரி? மஹிந்திரா அமெரிக்காக்காரனைக் காப்பி அடித்ததுதானே?

இரண்டும் சரி. காப்பி என்பது மட்டும் தப்பு.

1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன உளவு வண்டி கேட்டது. 49 நாள் கெடு. அதற்குள் மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது அமெரிக்கக் கம்பெனியான வில்லிஸ் இல்லை, பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. வரைந்து கொடுத்தவர் கார்ல் புராப்ஸ்ட். ஆனால் ராணுவம் கேட்ட எண்ணிக்கையில் செய்ய பாண்டத்துக்குத் தெம்பு போதாது என்று நினைத்தார்கள். பாண்டத்தின் வரைபடம் வில்லிஸ் கைக்கும் ஃபோர்டு கைக்கும் போய்விட்டது. வில்லிஸிடம் இருந்த துருப்புச் சீட்டு இன்ஜின்தான்: 'கோ டெவில்', 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். 1941-இல் பெரிய ஆர்டர் அவர்களுக்கே போனது, பிறகு ஃபோர்டும் அதே வண்டியைச் செய்து கொடுத்தது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்த்துச் செய்தது 6 லட்சத்துக்கும் மேல். பாண்டம் மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை, கடைசியில் டிரெய்லர் செய்யப் போய்விட்டது. ஆகவே காப்பி பஞ்சாயத்தைக் கூட்டினால் முதலில் வந்து கைகட்டி நிற்க வேண்டியது வில்லிஸ்.

நம் ஊர்க் கதை 1945 அக்டோபர் 2-இல் லூதியானாவில் தொடங்குகிறது. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற அண்ணன் தம்பியும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய இரும்பு வியாபாரம். பெயர் 'மஹிந்திரா அண்ட் முகமது'. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. வில்லிஸோடு ஒப்பந்தம் போட்டு, பெட்டியில் வந்த ஜீப் பாகங்களை பம்பாயில் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

உங்கள் வண்டியின் பானட் கிரில்லுக்கு மேலே தூக்கலாக, கொஞ்சம் மூக்கு உயர்ந்த மாதிரி இருந்தால் அது சிஜே-3பி. 'ஹரிக்கேன்' இன்ஜின் உயரம் அதிகம், அதற்காகப் பானட்டை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோன மாடல் அது. இங்கே அதே எலும்புக்கூட்டின் மேல் இன்னும் பல வருடம் வண்டி ஓட்டினார்கள். எண்பதுகளில் பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் உரிமத்தில் 2.1 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது, அதோடு 540. பிறகு 2000-இல் பொலேரோ, 2010-இல் முதல் தார், 2020-இல் இப்போது எல்லோரும் வைத்திருக்கும் தார், 2024-இல் ஐந்து கதவு ராக்ஸ்.

காப்பி வழக்கு ஒன்று உண்மையிலேயே நடந்தது, ஆனால் இந்தியாவில் இல்லை. மஹிந்திரா 2018-இல் ராக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவில் இறக்கியது. ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் புகார் கொடுத்தது. 2020-இல் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக வந்தது, ராக்ஸரின் முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

காரிமங்கலத்திலிருந்து: அண்ணே, 540 ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் சூப்பர் என்கிறார்கள். எதைப் பார்க்கணும்?

இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள். இன்ஜினை மறுபடி செய்துவிடலாம், ஆர்சியைச் செய்ய முடியாது. சேசிஸில் குத்தியிருக்கும் நம்பரைத் துணியால் துடைத்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்திப் பாருங்கள். அந்த இடத்தில் வெல்டிங் தடமோ புது பெயின்டோ இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். எரிபொருள், சீட் எண்ணிக்கை எல்லாம் ஆர்சியில் உள்ளபடி வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் ஜீப்பில் மேட்டாடர் வேன் இன்ஜினை உட்கார வைத்து, ஆர்சியில் ஏற்றாமலே ஓட்டும் வண்டிகள் நம் பக்கத்தில் ஏராளம். விபத்து நடந்த அன்றைக்குத்தான் இன்சூரன்ஸ்காரர் அதைக் கண்டுபிடிப்பார்.

பிறகு கீழே படுங்கள். சேசிஸ் துரு, பட்டா (இலை ஸ்பிரிங்) உடைசல், கியர் பாக்ஸ் ஒழுகல். அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் சத்தம் ஓட்டினால்தான் தெரியும். நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டு, மண்ணில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு "ஃபோர் இன்ட்டு ஃபோர்" என்று விற்கிறார்கள்.

ஓசூரிலிருந்து: தார் டூ வீல் டிரைவ் வாங்கினேன். மலைக்கு ஏறுமா?

தார் ரோடு இருந்தால் ஏறும்.

பென்னாகரத்திலிருந்து: ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் வண்டி பிடித்து இழுக்கிறது, லிவரும் திரும்பி வரமாட்டேன் என்கிறது. பாக்ஸ் போச்சா?

இன்னும் போகவில்லை. இப்படியே ஓட்டினால் போகும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். நம் வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன, நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிஃபரென்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு மொத்தமும் ஷாஃப்டின் மூட்டான கிராஸிலும் பாக்ஸிலும் ஏறும். நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்கள், லிவர் தானாக இளகும். மழைக்குப் பயந்து தார் ரோட்டில் ஃபோர் வீல் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வேண்டாம். சேறு, மணல், கல் ஏற்றம், அங்கே மட்டும்தான்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: அஞ்செட்டி காட்டுக்குள் ஆஃப் ரோடு போக நல்ல வழி சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். அங்கே பெரும்பகுதி காப்புக்காடு, காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் அதில் வருகிறது. யானை நடமாடும் இடம். அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு. பட்டா நிலம் உள்ள நண்பரைப் பிடித்து, அவர் தோட்டத்தில் ஓட்டுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: 540 வாங்கலாமா?

காரிமங்கலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராயக்கோட்டையிலிருந்து: எதற்குங்க இந்த மஹிந்திரா புராணம்? ஜிப்ஸிக்கு முன்னால் எந்த ஜீப்பும் நிற்காது.

வந்துவிட்டார். சரி, நியாயமாகவே பேசுவோம். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, சுசுகியின் எஸ்ஜே வரிசை. முதலில் 970 சிசி, பிறகு 1.3 லிட்டர் பெட்ரோல். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, அதுதான் அதன் மந்திரம். 540 புதையும் சேற்றில் ஜிப்ஸி மேலாகவே போய்விடும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சித்தேரியிலிருந்து அரூர் சந்தைக்குச் சாமை மூட்டையும் அதன் மேல் பத்துப் பேரும் இறங்க வேண்டுமென்றால் ஜிப்ஸியைக் கூப்பிடுவீர்களா?

ராயக்கோட்டைக்காரர் மறுபடி: பத்துப் பேரை ஏற்றுவது சட்டப்படி தப்பு. அப்புறம், ராணுவம் ஏன் ஜிப்ஸி வாங்கியது?

ஏற்றியது தப்புதான், பஸ் வராத மலையில் வேறு வழியும் இல்லை. ராணுவத்துக்கு வேண்டியது வேகமாகப் போய்வரும் லேசான வண்டி. ஆனால் அதே ராணுவம் ஜோங்காவையும் முப்பது வருடம் வைத்திருந்தது. நிசான் பேட்ரோலை உரிமம் வாங்கி ஜபல்பூரில் செய்தது, ஆறு சிலிண்டர் பெட்ரோல், நாலு லிட்டர் இன்ஜின். வேலைக்கு ஏற்ற வண்டி, அவ்வளவுதான்.

இடையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர்: என் ஜிப்ஸியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு போகிறது. மனைவி ஏறவே மாட்டேன் என்கிறார்.

மத்தூரிலிருந்து இன்னொருவர்: 540-இல் மட்டும் மெத்தையா போட்டிருக்கிறான்? இரண்டுமே பட்டாதான்.

மத்தூர்க்காரர் சொன்னது உண்மை. நான் ஜீப் பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம் ரிப்பேர். டிராக்டர் பார்க்கும் மெக்கானிக் எவரும் 540-ஐப் பிரித்து மாட்டிவிடுவார். ஜிப்ஸி கார்புரேட்டரைச் சரியாகக் கட்டத் தெரிந்தவரை இன்றைக்குத் தேட வேண்டியிருக்கிறது.

ராயக்கோட்டைக்காரர்: தேடினால் கிடைப்பார். என் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கொண்டு வாருங்கள், சேறு நான் காட்டுகிறேன். இதற்கு மேல் ஜிப்ஸி பேச்சு வேண்டாம், கேள்விகள் காத்திருக்கின்றன.

பர்கூரிலிருந்து: டப்வாலியிலிருந்து புதுசு மாதிரி ஜீப் அனுப்புகிறார்கள். விலை குறைவு. வாங்கலாமா?

கூடாது. ஹரியானாவில் உள்ள அந்த ஊரில் ஜீப் கட்டுவது பெரிய தொழில், வேலை அழகாகவே இருக்கும். வண்டி எங்கிருந்து வந்தது, காகிதம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சிக்கல். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போன் செய்யுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: பத்து வருட டீசலைத் தடை செய்துவிட்டார்களாமே?

அந்தப் பேச்சு டெல்லி வட்டாரத்தோடு சரி. இங்கே சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். தவணை தவற விடாதீர்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து: 540 நல்லதா?

நல்லது. மேலே படியுங்கள்.

நல்லம்பள்ளியிலிருந்து: தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று டிரைவர் நியூட்ரல் போடுகிறார். சரியா?

டிரைவரை மாற்றுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். வத்தல்மலை மாதிரி செங்குத்தான இடமென்றால் இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிக்கட்டும். மண் பாதையாக இருந்தால் ஃபோர் வீலில் மெதுவாக ஓடும் லோ போடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி, கடைசி வளைவில் மிதி மட்டும் இறங்கும், வண்டி நிற்காது.

சூளகிரியிலிருந்து: பள்ளத்தில் விழுந்தால் ஐம்பது வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடுகிறது. மெக்கானிக், ஆட்டத்தை அடக்கும் டேம்பர் போடச் சொல்கிறார்.

டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது. முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லூஸாக ஆடினால் வீல் பேரிங், கிங் பின் பேரிங் இரண்டில் ஒன்று. அப்புறம் டை ராட் முனைகள், பட்டா புஷ், யு-போல்ட் இறுக்கம். இவையெல்லாம் சரியாக இருந்தால் வீல் பேலன்ஸ். அதுவும் சரியென்றால் மட்டும் டேம்பர் வாங்குங்கள். அதுவரை நாற்பதைத் தாண்ட வேண்டாம். ஆட்டம் வந்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து வேகம் குறைய விடுங்கள்.